தக்கை ஒரு தராசு

பால்காரரிடம் வழக்காடிப் பழகிய குடும்பங்களுக்கு லாக்டோமீட்டரை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. கீழே குண்டாக ஒரு கண்ணாடிக் குமிழ், அதற்கு மேலே மெல்லியதாக ஒரு தண்டு, தண்டில் கோடுகள். பாலில் விட்டால் மிதக்கும். தண்ணீர் கலந்த பாலானால் கொஞ்சம் கூடுதலாக மூழ்கிக் காட்டிக் கொடுத்துவிடும். ரயில் பெட்டிகளுக்கு விளக்கெரிக்கும் பாட்டரிகளின் அமிலத்தைச் சோதிக்க நான் பல வருஷங்கள் கையில் வைத்திருந்த ஹைட்ரோமீட்டரும் இதே ஜாதிதான். இரண்டிலும் ஒரு சூட்சுமம் உண்டு. தண்டு எவ்வளவு மெல்லியதோ அவ்வளவுக்குக் கருவி நுட்பமாகப் பேசும். தண்டைக் கட்டைவிரல் பருமனுக்குச் செய்து பாருங்கள், பாலுக்கும் தண்ணீருக்கும் வித்தியாசமே தெரியாது.

குளத்தில் தூண்டில் போடுகிறவர் உபயோகிக்கும் தக்கையும் (மிதவை என்றும் சொல்லலாம்) இப்படி ஒரு கருவிதான். பலரும் அதை மீன் இழுத்தால் அமிழும் ஒரு துண்டு நெட்டி என்று மட்டும் நினைக்கிறார்கள். உண்மையில் அது தண்ணீருக்கு அடியில் நடப்பதை மில்லிகிராம் கணக்கில் எடை போட்டு மேலே நமக்குக் காட்டும் தராசு. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. சைவ அன்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இதில் மீன் குழம்பைவிடப் பௌதிகமே அதிகம். தவிர, கடைசிப் பகுதி எல்லோரும் படிக்க வேண்டியது.

வங்காளத்து ஃபாத்னா

வங்காளத்தில் வேலை பார்த்த தமிழர்களுக்கு இங்குள்ளவர்களின் மீன் பித்து தெரிந்த விஷயம். சாப்பிடுவதில் எவ்வளவு ஆசையோ, பிடிப்பதிலும் அவ்வளவு ஆசை. ஞாயிற்றுக்கிழமைகளில் காசு கட்டி டிக்கெட் வாங்கிக் குளக்கரையில் குடையை நட்டுக்கொண்டு நாள் பூராவும் உட்காருவார்கள். சக்கரம் வைத்த தூண்டிலுக்கு ஹுயீல் சிப் என்றும், சக்கரம் இல்லாத வெறும் மூங்கில் கழிக்கு ஹாத் சிப் என்றும் பெயர். மீனை ஓரிடத்தில் கூட்டுவதற்குப் பிண்ணாக்கு, தவிடு, வெந்தயம், ஏகாங்கி என்ற வாசனைக் கிழங்கு எல்லாம் சேர்த்துப் பிசைந்து தண்ணீரில் போடும் உருண்டைக்கு சார் என்று பெயர். முள்ளில் கோக்கும் இரைக்கு டோப் என்று பெயர். ரொட்டி மாவு, மண்புழு தவிர, நம் ஊரில் முசுறு என்று சொல்லும் சிவப்பு எறும்பின் முட்டையும் இங்கே உயர்ந்த இரை. அதைக் காட்டிலிருந்து சேகரித்து வந்து விற்கிறார்கள்.

இவர்களுடைய தக்கையின் பெயர் ஃபாத்னா. பரம்பரையாக அது மயில் தோகையின் நடுத்தண்டில் செய்வது. லேசானது, தண்ணீர் குடிக்காது, நேராக நிற்கும். மயில் 1963 முதல் நம் தேசியப் பறவை. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உச்சபட்சப் பாதுகாப்பு பெற்றது. ஆகவே தானாக உதிர்ந்த தோகை தவிர வேறு எதையும் தொடக்கூடாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இதே மயில் தண்டை ஜப்பானியரும் தக்கைக்கு உபயோகிக்கிறார்கள் என்பது ஆச்சரியமான செய்தி. அங்கே ஹெராபுனா என்ற கெண்டை ஜாதி மீனைப் பிடிப்பது ஒரு தனிக் கலை. மயில் தண்டிலோ ஒரு வகை நாணலிலோ உடலைச் செய்து, மேலே ஊசி போன்ற நுனி வைத்து, அதில் பல நிறங்களில் வளையங்கள் தீட்டுகிறார்கள். எத்தனை வளையம் தண்ணீருக்கு மேல் தெரிகிறது என்று எண்ணியே அடியில் நடப்பதைப் படிக்கிறார்கள். ஐரோப்பாவில் லண்டன் பக்கத்து லீ ஆற்றங்கரைக்காரர்கள் நீண்ட மூங்கில் கழியில் சக்கரமில்லாமல் மீன் பிடித்துவந்தார்கள். 1970-களுக்குப் பிறகு கண்ணாடி இழை, கார்பன் இழைக் கழிகள் வந்து, இன்று 16 மீட்டர் நீளம் வரை கிடைக்கின்றன. அந்தக் கழிகளுக்கென்றே பிறந்தவைதான் கழித் தக்கைகள். கழி நீளமானதால் தக்கைக்கு நேர் மேலே கழியின் நுனியைக் கொண்டுபோய் நிறுத்தலாம். தூர வீச வேண்டிய அவசியமில்லை. தூர வீச வேண்டாம் என்றால் தக்கை கனமாக இருக்க வேண்டாம். அதனால் அரை கிராம், கால் கிராம் மட்டுமே தாங்கும் சிறு தக்கைகள் சாத்தியமாயின.

ஒரு சின்னக் கணக்கு

டிப்ளமா படித்த காலத்துப் பழக்கம், கணக்கில்லாமல் எனக்கு ஒன்றும் நம்பிக்கை வராது. பள்ளிக்கூடத்தில் படித்த ஆர்க்கிமிடிஸ் தத்துவத்தை நினைவுபடுத்திக் கொள்ளுங்கள். மிதக்கும் பொருள் எவ்வளவு தண்ணீரை ஒதுக்குகிறதோ அதன் எடையே அதைத் தாங்கும் விசை. ஒரு கன சென்டிமீட்டர் தண்ணீர் ஒரு கிராம்.

சாதாரண மயில் தண்டுத் தக்கை 5 மி.மீ. விட்டம் என்று வைத்துக்கொள்வோம். அதன் குறுக்குவெட்டுப் பரப்பு 19.6 சதுர மி.மீ. இதை 1 செ.மீ. கூடுதலாக அமிழ்த்த வேண்டுமானால் 196 கன மி.மீ. தண்ணீரை ஒதுக்க வேண்டும். அதாவது மீன் ஏறக்குறைய 200 மில்லிகிராம் விசையுடன் இழுக்க வேண்டும்.

நுனி 1 மி.மீ. விட்டமுள்ள ஒரு கழித் தக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். பரப்பு 0.785 சதுர மி.மீ. இதை 1 செ.மீ. அமிழ்த்த 8 மில்லிகிராம் போதும். விட்டம் ஐந்தில் ஒரு பங்கு ஆனதும் விசை இருபத்தைந்தில் ஒரு பங்காகிவிட்டது. மீன் இரையை லேசாக முகர்ந்து தொட்டாலே சேதி வந்துவிடும்.

இத்துடன் இன்னொரு விஷயமும் சேர்கிறது. மீன் இழுக்கும்போது தக்கையையும் ஈயக்குண்டுகளையும் சேர்த்து அசைக்க வேண்டும். நின்றிருக்கும் சரக்கு வண்டியை நகர்த்துவதற்கும் தள்ளுவண்டியை நகர்த்துவதற்கும் உள்ள வித்தியாசம்தான். மொத்த எடை குறைந்தால் சேதி சீக்கிரம் வரும். ஆகவே காற்றும் ஆழமும் அனுமதிக்கும் அளவுக்குச் சிறிய தக்கை என்பதே பொது விதி.

தக்கையின் மூன்று அங்கங்கள்

கழித் தக்கைக்கு நுனி, உடல், கால் என்று மூன்று பாகங்கள். மேலே கண்ணுக்குத் தெரியும் மெல்லிய நுனி பிரம்பிலோ, நைலானிலோ, கண்ணாடி இழையிலோ இருக்கும். நுட்பம் முழுவதும் இதில்தான். நடுவே உள்ள உடல் பால்சா என்ற லேசான மரத்தில் செய்தது. குண்டுகளைத் தாங்குவது இதன் வேலை. கீழே நீண்ட கால். எஃகுக் கம்பிக் கால் கனமானது, தக்கையை நிலையாக நிறுத்தும். கார்பன் கால் லேசானது, தண்ணீரில் விழுந்ததும் சீக்கிரம் நிமிரும்.

உடலின் வடிவத்துக்கும் காரணம் உண்டு. அசையாத நீரில், காற்றில்லாத நேரத்தில், ஒல்லியான உடல் சிறந்தது. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு அமிழும், தடை குறைவு. காற்றடித்துச் சிற்றலை எழுந்தால் கீழ்ப்பக்கம் பருத்த பேரிக்காய் வடிவம் நல்லது. கனமும் பருமனும் தாழ்வாக இருப்பதால் ஆட்டம் குறையும். மேல்பக்கம் பருத்த வடிவம் ஓடும் நீருக்கு உரியது. நம் குளத்துக்கு அது தேவையில்லை.

வீட்டிலேயே செய்யலாம்

வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகளிடம் சொல்லி வாங்கலாம்தான். ஆனால் வீட்டில் செய்வதில் உள்ள திருப்தி அதில் கிடைக்காது. செலவும் பத்து இருபது ரூபாய்க்கு மேல் ஆகாது.

உடலுக்கு நெட்டி உத்தமம். வங்காளிக் கல்யாணத்தில் மாப்பிள்ளை தலையில் வைக்கும் டோபோர் என்ற வெள்ளைக் கிரீடம் இந்த ஷோலா நெட்டியில் செய்வதுதான். 2.5 செ.மீ. நீளம், நடுவில் 6 அல்லது 7 மி.மீ. பருமன், இரு பக்கமும் கூம்பும்படி பிளேடால் சீவி, மெல்லிய உப்புத்தாளால் தேய்க்கவும். இது சுமார் அரை கிராமுக்குச் சற்றுக் குறைவாகத் தாங்கும். நுனிக்குத் தென்னை விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கு எடுத்து அதன் மெல்லிய பாகத்தில் 4 செ.மீ. நறுக்கிக்கொள்ளவும். காலுக்கு மூங்கில் சிம்பு 8 முதல் 10 செ.மீ. இரண்டையும் உடலின் இரு முனைகளிலும் ஊசியால் துளையிட்டுப் பசை வைத்துச் செருகவும். வார்னிஷ் மூன்று பூச்சு. ஒவ்வொரு பூச்சும் ஒரு நாள் காய வேண்டும். அவசரப்பட்டால் நெட்டி தண்ணீர் குடித்துக் கனத்துவிடும். நுனிக்குச் சிவப்போ ஆரஞ்சோ பூசி, நடுவில் ஒரு கறுப்பு வளையம் போடவும். வெளுத்த வானம் பிரதிபலிக்கும் தண்ணீரில் கறுப்பும், மரநிழல் விழுந்த தண்ணீரில் சிவப்பும் நன்றாகத் தெரியும்.

நரம்பைத் தக்கையோடு பிடித்துவைக்க, மெல்லிய மின்கம்பியின் மேலுறையை உருவி, 5 மி.மீ. துண்டுகளாக மூன்று நறுக்கிக் காலில் மாட்டலாம். சைக்கிள் வால்வு ட்யூபும் சரிப்படும். ஒரு துண்டு காலின் கடைசி முனையைத் தாண்டிச் சிறிது நீட்டிக்கொண்டிருந்தால் நரம்பு சிக்காது.

குண்டுகளை அடுக்கும் முறை

தக்கை எவ்வளவு நுட்பமாக இருந்தாலும் குண்டுகளைச் சரியாக அடுக்காவிட்டால் பிரயோஜனம் இல்லை. உடல் முழுவதும் மூழ்கி, நுனியில் 1 அல்லது 2 செ.மீ. மட்டும் வெளியே தெரிய வேண்டும். உடலின் தோள் தண்ணீருக்கு வெளியே தெரிந்தால் மெல்லிய நுனி வைத்ததே வீண். அப்போது மீன் பருத்த உடலை அல்லவா அமிழ்த்த வேண்டும்?

இதைக் குளக்கரையில் செய்யாமல் வீட்டிலேயே செய்துகொள்வது நல்லது. ஓர் இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டிலின் கழுத்தை அறுத்துவிட்டுத் தண்ணீர் நிரப்பினால் சோதனைச்சாலை தயார். சின்னக் குண்டுகளாகச் சேர்த்துச் சேர்த்துப் பார்க்கவும். கோடையில் சூடான தண்ணீர் லேசானது. 15 டிகிரிக்கும் 30 டிகிரிக்கும் உள்ள வித்தியாசத்தில், மொத்தம் ஒன்றரை கிராம் எடையுள்ள தக்கை-குண்டு ஜோடியை நீர் தாங்கும் விசை சுமார் 5 மில்லிகிராம் குறையும். 1 மி.மீ. நுனியில் அது அரை செ.மீ.க்கும் மேல். ஜனவரியில் சரியாக நின்ற தக்கை மே மாதம் தாழ்ந்து நின்றால் தக்கை கெட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம்.

அரை கிராம் தாங்கும் தக்கைக்கு நான் அடுக்கும் முறை இது. 0.38 கிராமை ஒரே கொத்தாக முள்ளிலிருந்து 45 செ.மீ. மேலே வைப்பேன். இது இரையைச் சிறு மீன் கூட்டத்தைத் தாண்டிக் கீழே கொண்டு செல்லும். மிச்சம் 0.04 கிராம் குண்டுகள் மூன்று. அவற்றை முள்ளிலிருந்து 15, 25, 35 செ.மீ. தூரத்தில் வைப்பேன். மீன்கள் மேல் நீரிலேயே சுறுசுறுப்பாக இருந்தால் கொத்தைப் பிரித்து நரம்பு முழுவதும் சம இடைவெளியில் பரப்பிவிடலாம். இரை இலை உதிர்வது போல மெதுவாக இறங்கும்.

முள்ளுக்குப் பக்கத்தில் உள்ள அந்தக் கடைசிச் சிறு குண்டுதான் தந்தி அடிக்கும் குமாஸ்தா. மீன் இரையை வாயில் எடுத்துத் தலையை நிமிர்த்தினால் அந்தக் குண்டின் பாரம் தக்கையிலிருந்து நீங்குகிறது. தண்ணீருக்குள் 0.04 கிராம் ஈயத்தின் எடை சுமார் 0.036 கிராம். இந்தப் பாரம் நீங்கினால் 1 மி.மீ. நுனி 4.5 செ.மீ. மேலே எழும்ப வேண்டும். அதாவது நுனி முழுவதும் எழுந்து நிற்கும். 5 மி.மீ. மயில் தண்டாக இருந்தால் 2 மி.மீ. கூட எழும்பாது. சிற்றலையில் அது யார் கண்ணுக்குத் தெரியும்?

ஈயத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அது விஷம். இங்கிலாந்தில் தூண்டில்காரர்கள் விட்டுச்சென்ற ஈயக்குண்டுகளை விழுங்கி அன்னப் பறவைகள் மடிந்ததால், 1987 முதல் 0.06 கிராமுக்கு மேற்பட்ட தூண்டில் குண்டுகளை ஈயத்தில் விற்கத் தடை செய்தார்கள். குண்டைப் பல்லால் கடித்து நசுக்கும் பழக்கம் நம்மவர்களிடம் உண்டு. தயவுசெய்து குறடு உபயோகியுங்கள். ஈயம் கலக்காத சால்டர் கம்பியை நரம்பில் சுற்றுவது இன்னும் நல்லது. வெள்ளீயம் ஈயத்தைவிட லேசு என்பதால் சற்றுக் கூடுதலாகச் சுற்ற வேண்டியிருக்கும்.

நுனியில் எண்ணெய்

நுனியை மேலும் மேலும் மெல்லியதாக்கினால் நுட்பம் கூடிக்கொண்டே போகுமா? போகாது. பரப்பு இழுவிசை என்று ஒன்று குறுக்கே வருகிறது. தண்ணீரின் மேற்பரப்பு இழுத்துக் கட்டிய தோல் போல் இருப்பதால்தான் கொசுவும் நீர்ப்பூச்சியும் அதன்மேல் நிற்கின்றன. 1 மி.மீ. நுனியைச் சுற்றி இந்தத் தோலின் பிடி அதிகபட்சம் 23 மில்லிகிராம். நுனியை ஒரு செ.மீ. அமிழ்த்தத் தேவையான 8 மில்லிகிராமைவிட இது பெரிது!

நுனி சுத்தமாக இருந்தால் தண்ணீர் அதில் ஏறி ஒட்டிக் கீழே இழுக்கும். எண்ணெய்ப் பசை இருந்தால் தண்ணீர் ஒட்டாமல் மேலே தாங்கும். பாதி சுத்தம் பாதி எண்ணெய் என்றால் தக்கை ஒரு நேரம் ஒரு மாதிரி நிற்கும். எண்ணெயிட்ட கையால் இரையைப் பிசைந்துவிட்டு அதே விரலால் தக்கையைத் தொடும் எல்லோருக்கும் நேரும் குழப்பம் இது. ஏதாவது ஒரு வழியில் உறுதியாக இருங்கள். சோப்பு போட்டுச் சுத்தமாகக் கழுவலாம், அல்லது நுனியில் மெல்லியதாக வாஸ்லின் தடவலாம். வாஸ்லின் தடவினால் தக்கை சற்றுக் கூடுதல் பாரத்தைத் தாங்கும். அமிழும்போது சட்டென்று ஒரே முழுக்காக அமிழும்.

ஆழமும் காற்றும்

குளத்தின் ஆழம் தெரியாமல் இரை போடுவது பிளாட்பாரம் தெரியாமல் வண்டிக்குக் காத்திருப்பது போல. ஒரு கனமான இரும்பு நட்டை முள்ளில் மாட்டி இறக்குங்கள். தக்கை முழுகினால் அதை நரம்பில் மேலே தள்ளுங்கள். படுத்தால் கீழே தள்ளுங்கள். நுனி மட்டும் தெரியும் இடமே சரியான ஆழம். அந்த அளவைக் கழியில் ஒரு கோடு போட்டுக் குறித்துக்கொள்ளலாம்.

எந்த ஆழம் என்பது எந்த மீன் என்பதைப் பொறுத்தது. நம் குளங்களில் சேர்த்து வளர்க்கப்படுபவை காத்லா, ருயி, மிருகேல் என்ற மூன்று. 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் டாக்டர் ஹீராலால் சௌதுரி கெண்டை ஜாதி மீன்களுக்கு ஹார்மோன் ஊசி போட்டு முட்டையிட வைத்ததில் வெற்றி கண்டார். அதற்குப் பிறகு ஆற்றுக் குஞ்சுகளுக்குக் காத்திருக்காமல் எல்லாக் குளத்திலும் இவற்றை விட முடிந்தது. அந்த நாள்தான் இன்று தேசிய மீன் விவசாயிகள் தினம். காத்லாவின் வாய் மேல்நோக்கி இருக்கும். அது மேல் நீரில் மேயும். ருயி நடு நீர். மிருகேல் அடித் தரை. மிருகேலுக்கு இரை தரையில் இரண்டு மூன்று செ.மீ. நரம்போடு படுத்திருக்க வேண்டும். ருயிக்குத் தரையிலிருந்து ஒரு சாண் மேலே தொங்க வேண்டும்.

தொங்கும் இரைக்கும் எடை உண்டு என்பதை மறக்கக்கூடாது. பட்டாணி அளவு மாவுருண்டை தண்ணீருக்குள் ஒரு சிறு குண்டின் பாரம் காட்டும். ஆகவே குண்டுகளை அடுக்கும்போது அதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். இதில் ஒரு லாபமும் இருக்கிறது. மாவு கரையக் கரையத் தக்கை மெல்ல மேலே வரும். இரை தீர்ந்துவிட்டது என்பதைக் கழியைத் தூக்காமலே தெரிந்துகொள்ளலாம். ஜப்பானியர் வளையம் எண்ணுவதும் இதற்காகத்தான்.

காற்று அடித்தால் மேல் நீர் ஒரு பக்கம் நகர்ந்து தக்கையையும் இரையையும் இழுத்துக்கொண்டு போகும். தக்கைக்கு மேலே நரம்பில் 10 செ.மீ. தள்ளி மிகச் சிறிய குண்டு ஒன்று வைத்தால் நரம்பு காற்றில் பாய்மரம் போல் வளையாது. கழியின் நுனிக்கும் தக்கைக்கும் நடுவே நரம்பு ஒரு மீட்டருக்குள் இருந்தால் இன்னும் நல்லது.

தக்கை பேசும் மொழி

கெண்டை ஜாதி மீன் இரையைக் கடிப்பதில்லை. வாயைக் குழாய் போல் நீட்டித் தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சும். சந்தேகம் வந்தால் கண் இமைக்கும் நேரத்தில் ஊதித் துப்பிவிடும். டிசம்பர், ஜனவரிக் குளிரில் பசி மந்தமாகும்போது அந்த உறிஞ்சலும் பூ முகர்வது போல் இருக்கும். பருமனான தக்கைக்காரர் மீனே இல்லை என்று எழுந்து போகும் நாட்களில் நுட்பத் தக்கை பேசிக்கொண்டிருக்கும்.

நுனி நிதானமாக ஒரே சீராக அமிழ்ந்தால் மீன் இரையோடு நகர்கிறது, தூக்கலாம். நுனி மெல்ல உயர்ந்தால் மீன் குண்டைத் தூக்கிவிட்டது, அதுவும் தூக்க வேண்டிய சமயமே. நுனி பொடிப்பொடியாகத் துடித்துக்கொண்டே இருந்தால் சில்லறை மீன்கள் இரையைக் கொறிக்கின்றன, பொறுக்கலாம். தக்கை நின்றபடியே பக்கவாட்டில் நகர்ந்தால் பெரிய மீன் நரம்பில் உரசிப் போயிருக்கலாம், அவசரப்பட வேண்டாம்.

ஐந்தாவது சேதி கொஞ்சம் சூட்சுமமானது. இரையைப் போட்டதும் தக்கை பல படிகளில் அமரும். கொத்து இறங்கியதும் நிமிரும். சிறு குண்டுகள் ஒவ்வொன்றாகத் தொங்கத் தொங்க இறங்கும். கடைசிக் குண்டு தொங்கியதும்தான் தோள் மறைந்து நுனி மட்டும் நிற்கும். இதற்கு எத்தனை நொடி என்று இரண்டு மூன்று தடவை எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். எட்டு நொடியில் அமர வேண்டிய தக்கை பத்து நொடியாகியும் அமரவில்லையென்றால் வழியில் யாரோ சிவப்புக் கொடி காட்டிவிட்டார்கள் என்று அர்த்தம். இறங்கும்போதே மீன் இரையை வாங்கிக்கொண்டது.

தூக்குவது என்றால் விசுக்கென்று தோளுக்கு மேல் வீசுவதல்ல. கழியின் நுனியை ஒரு சாண் உயர்த்தினால் போதும். ஐரோப்பியக் கழிகளில் நுனிக்குள் மெல்லிய ரப்பர் நூல் ஓடுகிறது. நம் ரயில் பெட்டிகளுக்கு நடுவே உள்ள பஃபர் போல அது மீனின் துள்ளலைத் தாங்கிக்கொள்ளும். மூங்கில் கழியில் அந்த வேலையை வளையும் நுனி செய்கிறது. ஒன்று சொல்லிவிட வேண்டும். இந்த மெல்லிய சாதனங்கள் பூட்டி, பாட்டா, திலாப்பியா, அரைக் கிலோ வரையிலான மிருகேல் போன்றவற்றுக்குத்தான். ஐந்து கிலோ காத்லாவுக்குச் சக்கரத் தூண்டிலே வேண்டும்.

மீனுக்கும் இதனால் நன்மை

பருமனான தக்கை தாமதமாகச் சேதி சொல்கிறது. அதற்குள் மீன் இரையை விழுங்கிவிட்டால் முள் தொண்டைக்குள்ளோ குடலுக்குள்ளோ போய்விடும். அப்படிப்பட்ட மீனைத் திரும்ப விட்டாலும் பிழைப்பது கஷ்டம். நுட்பத் தக்கை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுவதால் முள் உதட்டோடு நிற்கிறது. விரலாலேயே கழற்றலாம். முள்ளின் உள்பக்கம் உள்ள சிறு எதிர்முள்ளைக் குறடால் அழுத்தி மடக்கிவிட்டால் இன்னும் சுலபம். கையை நனைத்துக்கொண்டு மீனைத் தொட வேண்டும். உலர்ந்த கை அதன் வழவழப்பான பூச்சை உரித்துவிடும். இப்போது பல குளங்களில், பிடித்த மீனை எடை பார்த்துத் திரும்ப விட வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் டிக்கெட் தருகிறார்கள். நான் பெரும்பாலும் விட்டுவிடுகிறேன். வீட்டில் மீன் சமைப்பதில்லை என்பதும் ஒரு காரணம்.

தலைக்கு மேலே பாருங்கள்

கடைசியாக, எல்லோரும் படிக்க வேண்டும் என்று சொன்ன விஷயம். வங்காளத்தில் ரயில் பாதையின் இரு பக்கமும் நீளமான குட்டைகள் இருக்கும். பாதைக்கு மேடு போட மண் வெட்டி எடுத்த பள்ளங்கள் அவை. நயான்ஜுலி என்பார்கள். மழைக்காலத்தில் மீன் நிறையும், பிள்ளைகள் கழியோடு வந்துவிடுவார்கள். பாதைக்கு மேலே செல்வது 25,000 வோல்ட் மின்கம்பி. தண்டவாள மட்டத்திலிருந்து அதன் உயரம் சாதாரணமாக 5.5 மீட்டர்தான். நீண்ட தூண்டில் கழியை நிமிர்த்திப் பிடித்தால் அதை எட்டிவிடும்.

கார்பன் இழை நன்றாக மின்சாரம் கடத்தும். ஈர மூங்கிலும் கடத்தும். ஈரமான கண்ணாடி இழைக் கழியையும் நம்ப முடியாது. கம்பியைத் தொட வேண்டும் என்பதுகூட இல்லை. இவ்வளவு மின்னழுத்தம் காற்றைத் தாண்டியும் பாயும். மின்சாரம் ஓடும் கம்பியிலிருந்து இரண்டு மீட்டருக்குள், பயிற்சி பெற்ற எங்கள் ஊழியர்களே மின்சாரத்தை நிறுத்தி அனுமதிச் சீட்டு வாங்காமல் வேலை செய்யக் கூடாது என்பது விதி.

நான் பணியில் இருந்த ஒரு பிரிவில், மழை ஓய்ந்த ஒரு மாலையில், ஒரு பையன் நீண்ட மூங்கில் கழியை நிமிர்த்திப் பிடித்தபடியே தண்டவாளத்தைக் கடந்தான். பதினாறு வயது. விசாரணைக்குப் போனவர்களில் நானும் ஒருவன். அவனுடைய பிளாஸ்டிக் பையில் நாலைந்து பூட்டி மீன்கள் இருந்தன. அந்த அறிக்கையில் நான் எழுதிய வாக்கியங்கள் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

இங்கிலாந்தில் மின்கம்பிகளுக்கு 30 மீட்டருக்குள் தூண்டில் போட வேண்டாம் என்று அறிவுரை தருகிறார்கள். நாமும் அந்தக் கணக்கையே வைத்துக்கொள்வோம். ரயில் கம்பி மட்டுமல்ல, வயல்வெளியில் தாழ்வாகப் போகும் 11,000 வோல்ட் கம்பிக்கும் அதே விதி. உட்காரும் முன் தலையை நிமிர்த்தி நாலா பக்கமும் பாருங்கள். நடக்கும்போது கழியைப் பிரித்துக் கட்டித் தரைக்கு இணையாக எடுத்துச் செல்லுங்கள். தண்டவாளத்தைக் கடக்க மேம்பாலமோ கேட்டோ இருக்கும் இடத்துக்கு நடந்து போங்கள். இடி மின்னல் தெரிந்தால் கழியைக் கீழே வைத்துவிட்டுக் கரையை விட்டு விலகுங்கள். காலனிப் பிள்ளைகளுக்கும் பேரக் குழந்தைகளுக்கும் இதைத் தமிழிலும் சொல்லுங்கள், வங்காளியிலும் சொல்லுங்கள்.

தக்கை செய்வதில் சந்தேகம் உள்ள அன்பர்கள் சங்கத்தின் மாதக் கூட்டத்தன்று என்னைக் கேட்கலாம். ஈர்க்கும் நெட்டியும் பையில் இருக்கும். குளிர்காலம் தொடங்குவதற்குள் ஒன்று செய்து முடித்துவிடலாம்.